சின்னாற்றில் விட்ட கப்பல்

பாலக்கோட்டுக்குச் சுற்றுலா போனதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஓசூர் வழியாகச் சேலத்துக்கு ரயிலில் போகிறவர்களுக்கு அது ஜன்னலுக்கு வெளியே வந்துபோகும் ஒரு பெயர்ப்பலகை. லாரிக்காரர்களுக்கும் காய்கறி வியாபாரிகளுக்கும் தக்காளி. பழைய சேலம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சர்க்கரை ஆலை. எனக்குப் பெரியம்மா வீடு. பள்ளிக்கூடம் மூடியதும் பிள்ளைகளை ஏற்காடு, ஊட்டி என்று குளிர்ந்த இடமாகப் பார்த்துக் கூட்டிப்போவதுதான் பெங்களூரில் எங்களைச் சுற்றியிருக்கும் வீடுகளில் வழக்கம். கத்திரி வெயிலில் தருமபுரி மாவட்டத்துக்குப் போகிறோம் என்றதும் மாடிவீட்டு அக்கா, "பிள்ளைங்க என்ன தப்பு பண்ணாங்க?" என்று கேட்டார்.

ஓசூர் 900 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. தருமபுரி 500 மீட்டருக்கும் கீழே. கெலமங்கலம், ராயக்கோட்டை, மாரண்டஹள்ளி என்று ரயில் இறங்க இறங்க ஜன்னல் காற்று சூடாகிக்கொண்டே வரும். ராயக்கோட்டையில் மலைமேல் கோட்டை தெரியும். மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-இல், திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. அடுத்த ஆண்டே ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால் சீமை கம்பெனி கைக்குப் போனது. பாலக்கோடும் அதோடு போயிற்று. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மகள், "பீரங்கி இன்னும் மேலேயே இருக்காப்பா?" என்றாள். சின்னவனுக்குப் பிடித்தது வேறு கதை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் ஒரு குட்டி ரயில் ஓடத் தொடங்கியது; 1913-இல் அதை ஓசூர் வரை நீட்டினார்கள். தண்டவாளத்துக்கு நடுவே இரண்டரை அடிதான் அகலம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை மூடிவிட்டார்கள். இரண்டரை அடி என்றால் எவ்வளவு என்று கையை விரித்துக் காட்டினேன். "அதுல நான் மட்டும்தான் போக முடியும். அக்கா போக முடியாது" என்று முடிவு சொல்லிவிட்டான்.

பெரியம்மா வீடு ஊரிலிருந்து மாரண்டஹள்ளி போகிற பக்கம், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அதியமான்கோட்டையிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் போட்ட நான்குவழிச் சாலையில் லாரிகள் போகிற இரைச்சல் ராத்திரியில் வீடுவரை கேட்கிறது. முன்பு கேட்காது. வாசலில் கால் வைத்ததும் பிள்ளைகளுக்குப் பெரியம்மா போட்ட சட்டம் ஒன்றுதான்: "பத்து மணிக்கு மேல நாலு மணி வரைக்கும் தலையை வெளிய காட்டக் கூடாது, சாமிகளா." ஆக அவர்களுடைய சாகசமெல்லாம் விடிகாலையிலும் சாயங்காலத்திலும் ராத்திரியிலும்தான் நடக்க வேண்டும். நடுப்பகல் திண்ணைக்கு.

திண்ணையில் புளி. மாசி, பங்குனியில் உலுக்கிய புளியம்பழம் ஓடு உடைத்துக் காயவைத்து, சித்திரை வைகாசியில் கொட்டை எடுக்க வீடு வீடாக வந்து சேரும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கோடைப் பகல் என்றால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டுகிற சத்தம்தான். ஒரு கல், கையில் ஒரு சின்னச் சுத்தியல். நாரை உரித்து, சுளையைப் பிளந்து, கொட்டை தெறிக்கத் தட்ட வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. என் பிள்ளைகள் முதல்நாள் விரல் கறுக்கக் கறுக்கத் தட்டினார்கள். பாதியை நாக்கில் வைத்துப் பல் கூசிப்போய் ஓடினார்கள். பக்கத்து வீட்டுச் சிறுமி ஓடவில்லை. என் மகள் வயதுதான் அவளுக்கும். அம்மாவோடு உட்கார்ந்து, பேசிக்கொண்டே, பார்க்காமலே தட்டிக்கொண்டிருந்தாள். அவள் தட்டியது அன்று மாலை எடைக்குப் போகும். அடுத்த வகுப்புக்கான நோட்டும் பையும் அதிலிருந்துதான் என்று அவளே பெருமையாகச் சொன்னாள். விடுமுறை என்று நாங்கள் சொல்கிற இந்த இரண்டு மாதம் இந்த ஊருக்குச் சீசன். மாங்காய்க்கும் புளிக்கும் சீசன், கூத்துக்கும் சீசன். வெளியிலிருந்து வருகிற பிள்ளைகள் மற்றவர்களுடைய வேலையின் ஓரத்தில் நின்றுதான் விளையாடுகிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு, வழிவிட்டு நிற்கப் பழகினால் போதும் என்று நானும் மனைவியும் அன்று ராத்திரி பேசிக்கொண்டோம். பழகினார்களா என்று கேட்டால், சின்னவன் இல்லை.

தக்காளி மார்க்கெட்டுக்கு விடியுமுன் போனோம். பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், அரை ஏக்கரில் தக்காளி போட்டிருந்தார். ராத்திரியே பறித்து அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே பிள்ளைகளை மினி லாரியில் உட்காரவைத்துக்கொண்டார். இதற்காகவே அவர்கள் நாலு மணிக்குத் தானாக எழுந்திருந்தார்கள். பெங்களூரில் பள்ளிக்கூடத்துக்கு எழுப்ப நாங்கள் படுகிற பாடு தனிக்கதை.

பாலக்கோட்டு மார்க்கெட்டில் அந்த நேரத்தில் பேச்சு என்பது கூச்சல்தான். மண்டிக்கு மண்டி பிளாஸ்டிக் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவற்றை 'கிரேடு' என்கிறார்கள். ஒன்றில் இருபத்தைந்து கிலோவை ஒட்டிப் பிடிக்கும். வியாபாரி மேல் பெட்டியில் கைவிட்டுக் கீழேயிருந்து நாலு பழத்தை எடுத்துப் பார்ப்பார். மேலே பெரிதாக அடுக்கிக் கீழே பொடியைப் போடுகிற வித்தை அவருக்கும் தெரியும், விவசாயிக்கும் தெரியும். விலை முடிந்ததும் சுமைதூக்குகிறவர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "வழி, வழி!" என்று ஓடி வருவார். அந்த வழியில்தான் என் மகன் நின்றுகொண்டிருந்தான். காலடியில் உருண்ட தக்காளிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். ஒருவர் அவனைப் பெட்டியைத் தூக்குவதுபோலவே தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். கையில் ஒரு தக்காளியும் கொடுத்துவிட்டுத்தான்.

மகள் கணக்குப் போட ஆரம்பித்தாள். பெட்டி விலையை இருபத்தைந்தால் வகுத்தால் கிலோ விலை. "இது எங்க வீட்டுக்கிட்ட இருக்கிற கடையில விக்கிறதுல பாதிகூட இல்லையே, பெரியப்பா?" அண்ணன் சிரித்தார். "அதுலயும் எனக்கு முழுசா வராது கண்ணு" என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்: நாற்று, குச்சி, கட்டுகிற கயிறு, மருந்து, பறிக்கிற கூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன். நட்டுப் பறிப்புக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. கோடை உச்சத்துக்குப் போனால் பூ உதிரும், காய்ப்புக் குறையும். அதனால் விலை ஏறும்போது விற்கப் பழம் இருக்காது, பழம் நிறைய இருக்கும்போது விலை இருக்காது. 2023 ஜூலையில் ஊருக்கு ஊர் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போன கதையை எல்லோரும் இங்கே இன்னமும் பேசுகிறார்கள். அந்த நேரத்தில் தோட்டத்தில் பழம் வைத்திருந்தவர் பெயர்களைச் சொல்லிப் பேசுகிறார்கள். விலை விழுந்து சாலையோரம் கொட்டிய வருஷங்களுக்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. எல்லோரும்தான் கொட்டினார்கள்.

திரும்பி வரும்போது மகள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "வகுத்தலை இந்த மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தா எனக்கு முதல்லயே புரிஞ்சிருக்கும்" என்றாள்.

பட்டுப்புழு மனைக்குள் அவர்களை விடவில்லை. அதில் எனக்கு மகிழ்ச்சி. பெரியம்மாவின் பக்கத்துத் தோட்டத்தில் மல்பெரி போட்டிருக்கிறார்கள். வாசலிலேயே சுண்ணாம்புத் தூள், கை கழுவத் தண்ணீர். உள்ளே போகிற வீட்டுக்காரரே காலைத் துடைத்துக்கொண்டுதான் போகிறார். கோடையில் மனைக்குள் சூடு ஏறவிடாமல் பார்ப்பதுதான் பெரிய பாடு. ஈரச் சாக்கைச் சுற்றித் தொங்கவிட்டிருந்தார்கள். வாசற்படியில் நின்று பிள்ளைகள் காதைக் கொடுத்தார்கள். கடைசித் தோலுரித்த புழுக்கள் இலை தின்கிற நேரம். மொத்த ஆயுளில் தின்கிற இலையில் எண்பது சதவீதத்துக்கு மேல் இந்தக் கடைசி ஏழெட்டு நாளில்தான் உள்ளே போகிறது. சத்தம் நன்றாகவே கேட்டது. "யாரோ நிறையப் பேர் வாயை மூடிக்கிட்டு அப்பளம் தின்றாங்க" என்றான் சின்னவன். ஒரு கூட்டில் கிலோமீட்டர் நீளத்துக்கு இழை இருக்கும், அறுபடாமல், என்றார் வீட்டுக்காரர். கூடு கட்டி முடித்ததும் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு ஏலத்துக்குப் போகும். அதற்குப் பிறகு புழு என்ன ஆகும் என்று மகள் கேட்டாள். கொதிநீர் என்று அவர் மறைக்காமல் சொன்னார். அன்றிலிருந்து அவள் அம்மாவின் கல்யாணப் பட்டைப் பற்றிச் சங்கடமான கேள்விகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வெல்லம் காய்ச்சுகிற ஆலைக்கும் ஒருநாள் போனோம். கொப்பரையில் பாகு கொதிக்க, கரும்புச் சக்கையே அடுப்புக்கு எரிபொருள். வாழை இலையில் சுடச்சுட ஒரு கரண்டிப் பாகு கிடைத்தது. வேறென்ன சொல்ல? நாக்கைச் சுட்டுக்கொண்டார்கள், மறுபடி கேட்டார்கள்.

பஞ்சப்பள்ளிக்கு ஒரு சாயங்காலம். மாரண்டஹள்ளி தாண்டிப் போனால் மலைகளுக்கு இடையே சின்னாற்றின் குறுக்கே கட்டிய அணை. தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளின் பக்கமிருந்து வருகிற ஆறு இது. இங்கே நின்று, நிரம்பினால் வழிந்து, பல ஊர் சுற்றி ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்கிறது. மே மாதத்தில் வழிவதற்கு ஒன்றும் இல்லை. நடுவில் கிடந்த நீரைச் சுற்றி விரிசல் விட்ட சேறு, அதற்கப்பால் புல், புல்லில் மாடுகள். கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். அணைக்குக் கீழே, கசிவில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீரில் பிள்ளைகள் இறங்கினார்கள்.

அங்கேதான் கப்பல் விஷயம் ஆரம்பித்தது. இந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று சின்னவன் கேட்டான். ஒகேனக்கல்லுக்கு என்றேன். நாமும் அங்கே போகப்போகிறோம்தானே? ஆமாம். அப்படியானால் இங்கே விட்டு அங்கே பிடிக்கலாம். தர்க்கத்தில் குறையில்லை. தென்னம்பாளையில் ஒரு குச்சியை நட்டு, பேருந்து டிக்கெட்டைக் கொடியாகக் குத்தி, ஓட்டத்தில் விட்டான். அது ஒரு பாறையில் முட்டி, யோசித்து, திரும்பிக்கொண்டு போயிற்று. அவன் கூடவே கொஞ்ச தூரம் ஓடினான். சின்னாறு கோடையில் பாதி வழியில் மணலாகத்தான் கிடக்கும் என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவி சொல்லப் பார்த்தாள். மகள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுங்கள் என்று மீன்காரர் இரண்டு முறை சொன்னார். யானை. காட்டில் தண்ணீர் வற்றுகிற மாதங்களில் அவை இந்தப் பக்கம் இறங்குகின்றன. மாந்தோப்பு வேறு பழுத்து நிற்கிறது. பிள்ளைகளுக்கு இதைக் கேட்டதும் பயத்தைவிட ஆசைதான். அண்ணனுக்கு அப்படியில்லை. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளிப் பக்கத்தில் ஒரு வயலில் சட்டவிரோதமாகப் போட்டிருந்த மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்துவிழுந்ததை, பக்கத்திலேயே இரண்டு குட்டிகள் சுற்றிச் சுற்றி வந்ததை, வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னார். பின்சீட்டில் சத்தமில்லை. அதற்கு முந்தைய நவம்பரில்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைச் சேர்த்துக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் என்று அரசு அறிவித்திருந்தது. வரைபடத்தில் எல்லை போடலாம்; ராகியும் மாம்பழமும் எல்லைக்கு இந்தப் பக்கம்தான் விளைகின்றன. யானையால் தோட்டம் போனவர்களையும் அண்ணனுக்குத் தெரியும். அவர் யாரையும் திட்டவில்லை.

கூத்து பார்க்க நேர்ந்தது எங்கள் அதிர்ஷ்டம். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களிலும் தர்மராஜா கோயில்களிலும் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து. பங்காளிகள் வெளியூரிலிருந்து வந்து சேருவதும் இந்த நாட்களில்தான். அர்ச்சுனன் தபசு அன்று நாங்கள் போனோம். பனைமரத்தைவிட உயரமாக நட்ட தபசு மரம். வேஷக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. கீழே பிள்ளை வரம் கேட்ட பெண்கள் ஈரச்சேலையோடு காத்துக் கிடந்தார்கள். மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் விழுந்தபோது முந்தானைகள் விரிந்தன. கூட்டத்தில் தோளில் உட்கார்ந்திருந்த என் மகனுக்கு அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. "பெல்ட் போட்டிருக்காரா?" என்று மட்டும் கேட்டான். போட்டிருக்கவில்லை.

ஆனால் படுகளம்தான் உச்சம். மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன், ஒரு வீட்டின் நீளம் இருப்பான். வண்ணம் பூசி, மீசை முறுக்கி, கண்களை உருட்டி விழித்துக்கொண்டு கிடந்தான். பொழுது விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கதை வீசினார்கள். கூட்டமும் சுற்றி ஓடியது. தொடை பிளந்ததும் பாஞ்சாலி கூந்தல் முடிந்தாள். துரியோதனனுக்காக ஒப்பாரி வைத்தபோது பெரியம்மா நிஜமாகவே அழுதார். "கெட்டவன்தானே ஆயா, ஏன் அழறீங்க?" என்றாள் மகள். "செத்தா அழணும்டி. அப்புறம் என்ன கெட்டவன்?" என்று மூக்கைச் சிந்தினார். எல்லாம் முடிந்ததும் ஆட்கள் அந்த உடம்பிலிருந்து மண் எடுக்கப் பாய்ந்தார்கள். சின்னவன் மீசையில் ஒரு துண்டு கொண்டுவந்தான். அதைப் பெரியம்மா மரியாதையாக வாங்கி ராகிக் குதிரில் போட்டார். சினிமாத் திரையரங்கில் இரண்டு மணி நேரம் உட்கார முடியாத பிள்ளைகள் ராத்திரி முழுக்க விழித்திருந்தார்கள். நடுநடுவே கோணிப்பையில் தூங்கினார்கள், கட்டியங்காரன் வந்து கேலி பேசும்போது மட்டும் எழுப்பச் சொல்லிவிட்டு.

அந்தக் கூட்டத்தில்தான் மகள் கவனித்திருக்கிறாள், சில பெரியவர்களின் பற்களில் பழுப்புப் பட்டைகள். பல் தேய்க்க மாட்டார்களா என்று என்னிடம் கிசுகிசுத்தாள். தேய்க்காததால் அல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. பல கிராமத்துக் கிணறுகளில் அதைத் தாண்டியது. பல் வளர்கிற வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அந்தப் பட்டை ஆயுளுக்கும் போகாது. மூட்டும் முதுகும் விறைத்துப்போனவர்களும் உண்டு. அதற்காகத்தான் காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் வந்தது. 2008-இல் கருணாநிதி அடிக்கல் நாட்டினார், 2013-இல் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். பெரியம்மா வீட்டில் அதற்கென்று தனிக் குடம் இருக்கிறது. "ஒகேனக்கல் தண்ணி, அதைக் கால் கழுவ எடுக்காதே" என்று சின்னவன் வாங்கிக் கட்டிக்கொண்டான். அதாவது சின்னாற்றுத் தண்ணீர் இங்கேயிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்குகிறது, ஒகேனக்கல் தண்ணீர் மோட்டார் போட்டு இங்கே ஏறுகிறது. "அப்போ என் கப்பல் குழாய்லகூட வரலாம்" என்றான் அவன்.

கடைசியில் ஒகேனக்கல்லுக்குக் கிளம்பினோம். தருமபுரி போகாமல் பாப்பாரப்பட்டி, பென்னாகரம் வழியே. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்தில் இறங்கினோம். பாரத மாதாவுக்குக் கோயில் கட்டும் கனவோடு இந்த ஊரில் தங்கி, 1925 ஜூலை 23-இல் இங்கேயே இறந்தவர். சிறையில் வந்த தொழுநோயைக் காரணம் காட்டி அவரை ரயிலில் ஏறவிடவில்லை என்பதையும், ஊர் ஊராக நடந்தும் கட்டைவண்டியிலும் போய்ப் பேசினார் என்பதையும் சொன்னேன். சிலையை அவ்வளவாகக் கண்டுகொள்ளாத பிள்ளைகள் இதில் நின்றுவிட்டார்கள். டிக்கெட் எடுத்திருந்தாலும் ஏற்ற மாட்டார்களா என்று மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஒகேனக்கல் மே மாதத்தில் கூட்டமும் எண்ணெய் வாடையும். மசாஜ் செய்கிறவர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள், பரிசல் தரகர்கள் சட்டையைப் பிடிப்பார்கள். நான் சொல்வதைக் கேட்டால், விடிந்ததும் போய் வெயில் ஏறுமுன் பரிசலில் உட்கார்ந்துவிடுங்கள். உயிர்காப்பு உடுப்பு இல்லாமல் ஏற்ற மாட்டார்கள், ஏற்றினாலும் ஏறாதீர்கள். நீர் குறைவான காலமாதலால் பாறைச் சுவர்களின் உயரம் முழுதும் தெரிகிறது. நடு ஆற்றில் பரிசல்காரர் துடுப்பை ஒரு சொடுக்குச் சொடுக்கிப் பரிசலைச் சுழலவிட்டார். பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்துப் பரிசலில் மோர் விற்றுவந்த அம்மா சிரித்துவிட்டார். கரையில் நாங்கள் வாங்கிக் கொடுத்த கட்லாவை ஒரு அக்கா விறகடுப்பில் குழம்பாகவும் வறுவலாகவும் செய்து வைத்திருந்தார். அருவியைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்தக் குழம்பைப் பற்றி யாராவது எழுத வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் சின்னவன் எழுந்து நின்றான். சின்னாறு வந்து சேருகிற இடத்துக்குப் போக வேண்டுமாம். போனோம். கற்கள், மணல், இரண்டு ஆடுகள், துணி உலர்த்தியிருந்த ஒரு குடும்பம். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்து, எங்களைக் கூட்டிவந்த பரிசல்காரர் என்ன என்று விசாரித்தார். விஷயத்தை முழுதும் கேட்டுக்கொண்டார், சிரிக்காமல். பஞ்சப்பள்ளியிலா விட்டாய், எந்தக் கிழமை, பாளையா மட்டையா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "ஆடிப் பெருக்குக்குள்ள வந்துடும் தம்பி. ஆனா அப்போ தண்ணி அதிகமா வந்தா பரிசல் ஓட்ட விடமாட்டாங்க. கரையில நின்னுதான் பிடிக்கணும்" என்றார்.

"ஆடியில ஸ்கூல் இருக்கும்" என்றாள் மகள்.

"அப்போ நீங்க பிடிச்சு வைங்க அண்ணா. கொடியில பஸ் டிக்கெட் இருக்கும்" என்றான் சின்னவன். அவர் சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த சவாரிக்கு ஆள் கூப்பிடப் போனார்.